எங்கேயோ உதைக்குது!

இந்தக் காலத்துக் கார்களுக்கு ஒரு குணம் உண்டு. உடம்புக்கு முடியவில்லை என்று தோன்றிவிட்டால் ஓனரைக் கேட்காது, ஓட்டுகிறவரையும் கேட்காது. தானாகவே அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிடும். டேஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியும். ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு தரையாக மிதித்தாலும் மூவாயிரம் சுற்றைத் தாண்டாது. எண்பதில் போன வண்டி நாற்பதுக்கு இறங்கி, மேட்டில் இருபதாகி, பின்னால் வருகிற பஸ் டிரைவர் ஹாரனிலேயே நம் பரம்பரையை விசாரிப்பார்.

இதற்கு ‘லிம்ப் மோட்’ என்று பெயர். லிம்ப் என்றால் நொண்டுவது. ‘என்னால் ஓட முடியாது. நொண்டியடித்தாவது உன்னை வீட்டில் சேர்த்துவிடுகிறேன். அதற்கு மேல் கேட்காதே’ என்று எஞ்சினின் கம்ப்யூட்டர் நம்மோடு செய்துகொள்கிற ஏற்பாடு. வண்டிக்கு வண்டி இது மாறும். சிலது எஞ்சின் சுற்றைக் கட்டிப்போடும், சிலது டர்போவைப் படுக்க வைக்கும். ஆட்டோமேட்டிக் கியர் என்றால் ஏதாவது ஒரு கியரில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

நான் பி.காம். காரைப் பற்றி எழுத உனக்கென்ன யோக்கியதை என்று கேட்கலாம். டீசல் எந்தப் பக்கம் ஊற்றுவது என்பது வரை தெரியும். அதற்கு மேல் பானட்டைத் திறந்தால் எனக்கு எல்லாம் ஒரே கறுப்பு. ஆனால் 2022-ல் என் மச்சினனின் காரோடு நாலைந்து மாதம் ஷெட் ஷெட்டாக ஊர்வலம் போனதில் ஒன்று புரிந்தது. லிம்ப் மோட் என்பது பாதிக்கு மேல் அக்கவுன்டன்சி சமாசாரம். டிரையல் பேலன்ஸ் டேலி ஆகாமல் ராத்திரி பதினோரு மணிக்கு லெட்ஜரோடு மல்லுக்கட்டிய எந்த பி.காம். பையனுக்கும் இது புரியும்.

மச்சினன் சோழிங்கநல்லூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். 2019-ல் செகண்ட் ஹாண்டில் ஒரு டீசல் கார் வாங்கினான். 2014 மாடல், டர்போ. கம்பெனி பெயர் வேண்டாம், பாவம், அவர்கள் ஒழுங்காகத்தான் செய்து அனுப்பியிருந்தார்கள். வாங்கிய ஆறாவது மாசமே இவனுக்கு அது போதவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் வண்டி எங்கேயாவது போய் ஏதாவது ஒன்றை மாட்டிக்கொண்டு வரும். அகலமான சக்கரம். உறுமுகிற சைலன்சர். கம்பெனி ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, ஐஸ்கிரீம் கோனைக் கவிழ்த்த மாதிரி ஒரு ஃபில்டர். டர்போவிலிருந்து வரும் கறுப்பு ரப்பர் ஹோஸ்களுக்குப் பதிலாகப் பளபளவென்று நீலக் கலரில் சிலிக்கான் ஹோஸ். எல்லாவற்றுக்கும் சிகரமாக, தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பிளாஸ்டிக் டப்பா. ட்யூனிங் பாக்ஸ். விலை இருபத்தைந்தாயிரம். முப்பது சதவிகிதம் பவர் கூடும் என்று அட்டையில் போட்டிருந்தது.

“கம்பெனிக்காரன் அந்த பவரை ஏம்ப்பா குடுக்கலை?” என்று கேட்டேன்.

“அவன் எல்லா ஊருக்கும், எல்லா டீசலுக்கும் சேர்த்துப் பொதுவா பண்றான் மாமா. நாம நமக்குன்னு பண்ணிக்கிறோம்.”

பதில் என்னவோ நியாயமாகத்தான் இருந்தது. தையல்காரர் தைத்ததும் ரெடிமேடும் ஒன்றா? தவிர, வண்டியை நோண்டுவது சென்னைக்குப் புதுசும் இல்லை. சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்திலேயே ஷெட்டில் வைத்து எஞ்சினைச் செதுக்கியவர்கள் இங்கே இருந்தார்கள். 1990-ல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்தது. கோயம்புத்தூர் பக்கம் கேட்கவே வேண்டாம், லேத்தும் ரேஸும் சேர்ந்தே வளர்ந்த ஊர். ஆனால் அவர்கள் நோண்டிய எஞ்சினில் கம்ப்யூட்டர் கிடையாது. கார்புரேட்டரில் ஒரு ஸ்க்ரூவைத் திருகினால் எஞ்சின் திருகியபடி கேட்கும். கேட்கவில்லை என்றால் புகை விடும். மறைத்து வைக்க அதற்கு ஒன்றும் இல்லை.

இப்போது அப்படி இல்லை. நடுவில் ஒரு கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறார். ஈ.சி.யூ. என்று அவருக்குப் பெயர். காற்று எவ்வளவு உள்ளே வந்தது, டர்போ எவ்வளவு அழுத்தம் கொடுத்தது, டீசல் எந்த அழுத்தத்தில் நிற்கிறது, தண்ணீர் எவ்வளவு சூடு என்று ஏகப்பட்ட சென்சார்கள் விநாடிக்குப் பலமுறை அவருக்கு வவுச்சர் அனுப்பிக்கொண்டே இருக்கும். அவர் ஒவ்வொன்றையும் மற்றதோடு ஒத்துப்பார்ப்பார். இவ்வளவு டர்போ கேட்டேன், இவ்வளவுதான் வந்திருக்கிறது, மீதி எங்கே? ஒரு தரம் என்றால் விட்டுவிடுவார். சில விநாடிகள் தொடர்ந்து உதைத்தால் நோட்டில் ஒரு நம்பரை எழுதிவைத்து, விளக்கைப் போட்டு, ‘இனி செலவுக்குக் காசு தர மாட்டேன்’ என்று பெட்டியைப் பூட்டிவிடுவார். அதுதான் லிம்ப் மோட்.

இந்த இடத்தில் அந்தப் பிளாஸ்டிக் டப்பா என்ன செய்கிறது என்று சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். இந்த ரக டீசல் எஞ்சினுக்கு ‘காமன் ரயில்’ என்று பெயர். 1997-ல் இத்தாலியின் ஆல்ஃபா ரோமியோ 156-ல் முதன்முதலாகக் கார்களுக்கு வந்தது. ஒரு இரும்புக் குழாயில் டீசலை ஏகப்பட்ட அழுத்தத்தில் நிரப்பி வைத்து, அங்கிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் பீய்ச்சுவார்கள். ஏகப்பட்ட என்றால், 1,600 பார் வரை. உங்கள் கார் டயரில் இருப்பது இரண்டேகால் பார். கிட்டத்தட்ட 700 மடங்கு. இந்தக் குழாயில் ஒரு சென்சார். அந்த சென்சாருக்கும் கணக்குப்பிள்ளைக்கும் நடுவில்தான் டப்பா உட்காருகிறது. குழாயில் 1,400 இருந்தால் டப்பா அவரிடம் 1,250 என்று சொல்லும். அவர் பதறிப்போய் பம்புக்கு இன்னும் கொடு என்று உத்தரவு போடுவார். நிஜத்தில் 1,550 ஆகிவிடும். அதே நேரத்துக்குள் அதிக டீசல் பாயும். வண்டி பறக்கும். மச்சினன் மகிழ்வான்.

அதாவது இருபத்தைந்தாயிரம் ரூபாய் கொடுத்து அவன் வாங்கியது பவர் இல்லை. ஒரு பொய் வவுச்சர். எல்லா டப்பாவும் இப்படி ஒரே வேலையைச் செய்வதில்லை. காற்றழுத்த சென்சாரையும் சேர்த்து ஏமாற்றுகிற பெரிய கைகளும் உண்டு. இவனுடையது சின்னத் திருடன்.

2022 மே மாதம் ஏலகிரி போனோம். நான், என் மனைவி, மச்சினன், அவன் மனைவி, மாமியார். மச்சினன் மனைவிக்கு அப்போது நாலாம் மாசம். மலைக்குக் கூட்டிப்போக வேண்டாம் என்று மாமியார் சொன்னதை யாரும் கேட்கவில்லை. ஏலகிரிப் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். தமிழ்ப் புலவர்கள், கடையேழு வள்ளல்கள் பெயரை வைத்திருக்கிறார்கள். வள்ளல்கள் பகுதியில் ஒரு வளைவில் திரும்பி இரண்டாவது கியரில் மிதித்தபோது மஞ்சள் விளக்கு எரிந்தது. வண்டி மூச்சு விட்டது. தேர் கொடுத்தவர், போர்வை கொடுத்தவர் என்று இத்தனை பேர் இருந்தும் எங்களுக்குக் கொஞ்சம் புல்லிங் கொடுக்க ஆள் இல்லை. ஓரமாக நிறுத்தி, சாவியைத் திருப்பி அணைத்து, பத்து எண்ணி மறுபடி ஸ்டார்ட் செய்தான். சமர்த்தாகக் கிளம்பியது.

“அவ்வளவுதான் மாமா. ரீஸ்டார்ட் பண்ணினா சரியாயிடும். கம்ப்யூட்டர்தானே!”

இங்கேதான் விஷயம் விபரீதமாகப் போனது. சாவியை அணைத்துப் போட்டால் பல வண்டிகளில் லிம்ப் மோட் விலகும் என்பது உண்மை. கணக்குப்பிள்ளை புது நாள் என்று புதுப்பக்கம் புரட்டுகிறார், மறுபடி உதைக்கிற வரை காசு கொடுக்கிறார். ஆனால் கோளாறு போனதாக அர்த்தமில்லை. நோட்டில் எழுதியது எழுதியபடி இருக்கும். விளக்குகூட, தொடர்ந்து மூன்று ஓட்டம் சரியாக இருந்தால்தான் அணைய வேண்டும் என்பது விதி.

திரும்பி வரும்போது ஆம்பூர் தாண்டி பெங்களூர் ஹைவேயில் ஒரு கன்டெய்னர் லாரியை ஓவர்டேக் செய்யப் பாதி வந்திருந்தோம். பின்னால் ஒரு ஆம்னி பஸ் லைட்டை அடித்துக்கொண்டு வந்தது. வண்டி மூச்சை விட்டது. மச்சினன் என்ன செய்தான் தெரியுமா? ஓடுகிற வண்டியில், நடு ரோட்டில், சாவியை அணைத்தான்.

எஞ்சின் நின்றால் பவர் ஸ்டீயரிங் கல்லாகிவிடும். பிரேக்குக்கு உதவி செய்கிற வேக்குவம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் தாங்கும். அதற்கப்புறம் பெடல் சுவர் மாதிரி. கை தவறிச் சாவியை உருவியிருந்தால் ஸ்டீயரிங்கே பூட்டிக்கொள்ளும். எங்களுக்கு அதெல்லாம் ஆகவில்லை. இரண்டு விநாடியில் மறுபடி ஸ்டார்ட் ஆகி, லாரியைத் தாண்டி, ஓரத்துக்கு வந்துவிட்டோம். ஆம்னி பஸ் எங்களை உரசாத குறையாகப் போனது. பின் சீட்டில் மாமியார் ஒரு வார்த்தை பேசவில்லை. மருமகளின் வயிற்றின் மேல் குறுக்கே கையை வைத்துக்கொண்டிருந்தார். வேலூர் வருகிற வரை அந்தக் கையை எடுக்கவில்லை.

வேலூரில் காபி குடிக்கும்போது நான் அவனைத் திட்டிய திட்டு இங்கே அச்சேறாது.

ஒன்று சொல்லவேண்டும். லிம்ப் மோட் நம்மைக் காப்பாற்ற வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது காப்பாற்றுவது எஞ்சினை. அந்த விநாடி நீங்கள் லாரிக்குப் பக்கத்தில் இருக்கிறீர்களா, வீட்டு வாசலில் இருக்கிறீர்களா என்பது அதற்குத் தெரியாது. ஆகவே விளக்கு எரிந்து வண்டி இழுக்கவில்லை என்றால் இண்டிகேட்டர் போட்டு, இருக்கிற வேகத்தில் இடது பக்கம் ஒதுங்கி, நின்ற பிறகுதான் சாவியைத் தொடவேண்டும். ஓவர்டேக் பாதியில் இருந்தால் பின்வாங்குவது கேவலம் இல்லை.

கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனான். ஸ்கேன் போட்டார்கள். பி 0299 என்று வந்தது. டர்போ அழுத்தம் போதவில்லை என்று பொருள். சர்வீஸ் அட்வைசர் டை கட்டிய பையன். டர்போ மாற்றவேண்டும், எண்பத்தைந்தாயிரம் ஆகும் என்றான். பானட்டைத் திறந்து நீல ஹோஸையும் கோனையும் பார்த்ததும், “சார், இதெல்லாம் இருக்கறவரைக்கும் நாங்க எதுக்கும் கியாரண்டி தர முடியாது” என்று எஸ்டிமேட்டில் எழுதியும் கொடுத்துவிட்டான். ஒரு விதத்தில் அவன் சொன்னது சரி.

டப்பா விற்றவரிடம் போனான். “நம்ம பாக்ஸ்ல பிரச்னையே வராது பிரதர். சர்வீஸ் சென்டர்காரங்களுக்கு மாடிஃபிகேஷன்னாலே அலர்ஜி. காத்து சென்சாரை மாத்திப் பாருங்க” என்றார். மாற்றினான். ஆறாயிரம். பத்து நாள் நன்றாக ஓடியது. பதினோராவது நாள் மறுபடி விளக்கு. இந்த முறை பி 0087. டீசல் குழாயில் அழுத்தம் குறைவு. அப்படியானால் பம்ப் போய்விட்டது என்றார் இன்னொருவர். பம்ப் டர்போவை விட விலை அதிகம்.

நடுவில் இவனே எழுநூறு ரூபாய்க்கு ஒரு ஸ்கேனர் வாங்கினான். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு சாக்கெட் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் 1996 முதல் எல்லாக் கார்களிலும் கட்டாயம். நம் ஊரில் 2010 ஏப்ரலில் முதல் கட்டமும், 2013 ஏப்ரலில் இரண்டாவது கட்டமும் வந்தது. அதில் செருகினால் போனில் கோட் தெரியும். ‘அழி’ என்று ஒரு பட்டனும் உண்டு. இவன் விளக்கு எரிந்தவுடன் அந்தப் பட்டனை அமுக்கி அழித்துவிட்டு ஆபீஸ் போய்க்கொண்டிருந்தான்.

ஆகஸ்டில் வளைகாப்பு. பெர்சனல் லோன் போட்டு டர்போ, பம்ப் இரண்டையும் மாற்றிவிடுகிறேன், பிரசவ நேரத்தில் வண்டி கைவிடக்கூடாது என்று ஆரம்பித்தான். ரெண்டு லட்சம். அவன் மனைவி என் மனைவிக்குப் போன் செய்து அழுதாள். இப்படித்தான் நான் உள்ளே நுழைந்தேன். என் பழைய பைக்கை இருபது வருஷமாகப் பார்க்கிறவர் ஒரு பாயிடம் அனுப்பினார். புதுப்பேட்டையை ஒட்டிய ஒரு சந்து. நாலு வண்டி நிற்கிற ஷெட். கறுத்துப்போன லேப்டாப் ஒன்று, அதன் மேல் கறை படாமல் இருக்க ஒரு பாலிதீன் பை.

பாய் பானட்டைத் திறக்கவே இல்லை. ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தையும் பேனாவையும் மச்சினனிடம் நீட்டினார்.

“தம்பி, கம்பெனிலேர்ந்து வரும்போது இல்லாதது, இப்ப இருக்கறது, எல்லாத்தையும் தேதியோட எழுதுங்க. கழட்டுனதையும் எழுதுங்க. வெக்கப்படாதீங்க.”

பதினொரு அயிட்டம் வந்தது. என்னிடம் சொல்லாத இரண்டும் அதில் இருந்தன.

“மொதல்ல விளக்கு எரிஞ்சது எப்போ? அதுக்கு முன்னாடி கடைசியா மாட்டுனது எது?” அடுத்த கேள்வி: “கோடை அழிச்சீங்களா?”

“ஆமா பாய்.”

பாய் என்னைப் பார்த்தார். ஆடிட்டர், வவுச்சரை எரித்துவிட்டோம் என்று சொல்கிற முதலாளியைப் பார்க்கிற பார்வை. காரணம் இருக்கிறது. கோட் எழுதப்படும்போது அந்தக் கணத்தில் வேகம் என்ன, சுற்று எவ்வளவு, சூடு எவ்வளவு என்று ஒரு ஃபோட்டோவும் சேர்த்து வைக்கப்படும். கோளாறு மேட்டில் வந்ததா, சமவெளியிலா, எஞ்சின் சூடாவதற்கு முன்பா பின்பா என்று அது சொல்லிவிடும். கோடை அழித்தால் ஃபோட்டோவும் போச்சு. விளக்கு எரிந்தால் முதலில் கோடைப் படித்து, அந்த விவரத்தையும் எழுதிவைத்துக்கொண்டு, அப்புறம் எதையும் தொடுங்கள்.

“சரி, டப்பாவை எடுத்துடலாம். ஃபில்டரை எடுத்துட்டு கம்பெனி பெட்டியை மாட்டலாம். இருக்கா?”

பரணில் இருந்தது. நல்லவேளை.

எனக்கு அவருடைய முறை ரொம்பப் பிடித்துப்போனது. அடிஷனலாக வந்ததையெல்லாம் ஒரேயடியாகக் கழற்றி வீசவில்லை. ஒரு நாளைக்கு ஒரு மாற்றம். அதே ரோடு, அதே மேம்பாலம், அதே மூன்றாவது கியர். பக்கத்து சீட்டில் லேப்டாப்போடு அவர் பையன். கணக்குப்பிள்ளை எவ்வளவு அழுத்தம் கேட்கிறார் என்று ஒரு கோடு, எவ்வளவு கிடைக்கிறது என்று ஒரு கோடு. இரண்டும் ஒட்டியே போகவேண்டும். டப்பா இல்லாமலும் இரண்டாயிரம் சுற்றுக்கு மேல் கேட்டது ஒரு பக்கம், கிடைத்தது ஒரு பக்கம் என்று பிரிந்தது. ஆக டர்போ கதையும் டப்பா கதையும் வேறு வேறு. இரண்டு திருடர்கள். இதைத்தான் இதுவரை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. ஒரே வித்தியாசத் தொகை, ஒரே தப்பாகத்தான் இருக்கும் என்று தேடுகிற ஜூனியர் மாதிரி தேடிக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் வண்டியைத் தூக்கி, டர்போ பக்கம் ஒரு அடைப்பைப் போட்டு, அதன் வழியாகக் கொஞ்சமாகக் காற்று கொடுத்தார். நிறையக் கொடுத்தால் நல்ல ஹோஸும் கழன்றுவிடும். சோப்புத் தண்ணீரைத் தெளித்தார். பஞ்சர் கடை வைத்தியம்தான். நீல ஹோஸின் அடிப்பக்கத்தில், கிளிப்புக்கு அரை அங்குலம் தள்ளி, முட்டை முட்டையாக நுரை வந்தது. கையால் வளைத்துக் காட்டினார். நகத்தால் கீறிய மாதிரி ஒரு வெட்டு. வண்டி நிற்கும்போது மூடிக்கொள்ளும். டர்போ ஊதினால் மீன் வாய் மாதிரி திறக்கும். அதனால்தான் நிறுத்திவைத்துப் பார்த்த எல்லோர் கண்ணிலும் மண். சுற்றிலும் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு. அது ஒன்றே காட்டிக் கொடுத்திருக்கும், யாராவது கீழே படுத்துப் பார்த்திருந்தால்.

“சிலிக்கான் ஹோஸ் தப்பா பாய்?” என்று கேட்டேன்.

“சூட்டுக்கு சூப்பர் சார். ஆனா சும்மா சிலிக்கானுக்கு ஆயில் ஆவாது. எஞ்சின் மூச்சுல ஆயில் ஆவி வந்துக்கினே இருக்கும். உள்ள வேற லைனிங் போட்டது வாங்கணும். இது ஊறிப்போய் மெத்துனு ஆயிருச்சு, பாருங்க. மேல கிளிப்பையும் முரட்டுத்தனமா இறுக்கியிருக்கான்.”

டர்போ நன்றாக இருந்தது. கையால் ஆட்டிப் பார்த்து, சுற்றிப் பார்த்து, சத்தம் கேட்டு, ‘இதை மாத்தச் சொன்னவன் யாரு?’ என்று ஒரு கேள்வி. காது கேட்க நான் பதில் சொல்லவில்லை. நிமிஷத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற அந்தச் சக்கரம், ஹோஸ் கிழிந்ததால் பாவம் இன்னும் அதிகமாக ஓடி ஈடுகட்டப் பார்த்திருக்கிறது. அப்படியே விட்டிருந்தால் நிஜமாகவே போயிருக்கும்.

கோன் ஃபில்டருக்கும் இதில் பங்கு உண்டு. அதில் பஞ்சுக்கு எண்ணெய் தடவவேண்டும். மச்சினன் தாராளமாகத் தடவியிருந்தான். அந்த எண்ணெய் பறந்துபோய்க் காற்றை அளக்கிற சென்சாரின் மெல்லிய கம்பியில் படிந்து, அதுவும் தப்பாக அளந்துகொண்டிருந்தது. ஆறாயிரம் கொடுத்து மாற்றியதும் பத்து நாள் நன்றாக ஓடியதற்குக் கொஞ்சம் அதுவும் காரணம். புது சென்சாரிலும் படிய ஆரம்பித்திருந்தது. பாய் அதற்கென்று இருக்கிற ஸ்ப்ரேயால் கழுவினார், கம்பியில் கை படாமல்.

பம்ப் விவகாரம்தான் எனக்குப் பிடித்தது. டப்பாவைக் கழற்றிய நாளிலிருந்து பி 0087 வரவே இல்லை. டீசல் அழுத்தம் குறைவு என்று நோட்டில் எழுதியிருந்ததே? குறையவே இல்லை. ஹைவேயில் முழு மிதி மிதித்தபோது பம்ப் தன் சக்தி முழுதும் போட்டு உச்சத்தில் நின்றிருக்கிறது. டப்பா மட்டும் நடுவில் உட்கார்ந்து, குறைவாக இருக்கிறது, குறைவாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. கணக்குப்பிள்ளை இன்னும் கேட்டார். பம்பிடம் இல்லை. அவர் உடனே பம்ப் சோம்பேறி என்று எழுதிவிட்டார். உயிரைக் கொடுத்து வேலை பார்த்தவன் மேல் ஒழுங்கு நடவடிக்கை! ஆபீஸ்களில் நடக்காததா?

கோட் என்பது குற்றவாளியின் பெயர் இல்லை. எந்தப் பக்கத்தில் கணக்கு உதைக்கிறது என்கிற பக்க எண். அந்தப் பக்கத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரைத் தூக்கி வெளியே போடுவது சுலபம். எண்பத்தைந்தாயிரத்துக்கு எஸ்டிமேட்டும் கிடைக்கும். டை கட்டிய பையனைக் குறை சொல்ல மனம் வரவில்லை. படுத்துப் பார்க்க அவனுக்கு நேரம் கொடுக்கப்படுவதில்லை. ஒரு வண்டிக்கு இத்தனை நிமிஷம் என்று அவனுக்கும் மேலே ஒரு கணக்குப்பிள்ளை.

கணக்குப்பிள்ளையே பொய் சொன்ன கதையும் உண்டு. 2015 செப்டம்பரில் அமெரிக்க சுற்றுச்சூழல் அமைப்பு ஃபோக்ஸ்வாகனைப் பிடித்தது நினைவிருக்கலாம். பரிசோதனைக் கூடத்தில் வண்டி ஓடுகிறதா, ரோட்டில் ஓடுகிறதா என்று அந்த டீசல் கார்களின் ஈ.சி.யூ.வே கண்டுபிடித்து, பரிசோதனையில் மட்டும் சுத்தமாகப் புகை விட்டது. ரோட்டில் சில வண்டிகள் அனுமதித்ததைப் போல 40 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்ஸைடைக் கக்கின. உலகம் முழுக்க ஒரு கோடியே பத்து லட்சம் வண்டிகள். வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காரர்கள் கருவியை வண்டியிலேயே கட்டிக்கொண்டு ரோட்டில் ஓட்டிப் பார்த்ததில்தான் சந்தேகமே வந்தது. பாய் மேம்பாலத்தில் லேப்டாப்போடு செய்த அதே வேலை.

பாய் பில் கொடுத்தார். ஆயில் தாங்குகிற ஹோஸ், இரண்டு கிளிப், ஸ்ப்ரே, ஐந்து நாள் கூலி எல்லாம் சேர்த்து 4,800 ரூபாய். மச்சினன் இரண்டு தரம் கூட்டிப் பார்த்தான்.

“பாய், டப்பாவை மறுபடி மாட்டிக்கலாமா? இப்பதான் லீக் சரியாயிடுச்சே?”

“மாட்டிக்கலாம் தம்பி. உங்க வண்டி. ஆனா விளக்கு எரிஞ்சா எங்கிட்ட வராதீங்க.”

நான் என் பங்குக்கு வேறொன்று சொன்னேன். 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு சொன்னது. தயாரித்த கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியில் மாற்றம் செய்யக்கூடாது என்று. மோட்டார் வாகனச் சட்டத்தில் 52-வது பிரிவு. நாளைக்கு ஆம்பூர் மாதிரி ஒன்று நடந்து நிஜமாகவே இடித்துவிட்டால், இன்ஷூரன்ஸ் சர்வேயர் முதலில் பானட்டுக்குள்தான் பார்ப்பார். அவன் கேட்டுக்கொண்டான். சட்டத்துக்குப் பயந்தானா, பாய்க்குப் பயந்தானா தெரியாது. உறுமுகிற சைலன்சரையும் அந்த வாரமே கழற்றிவிட்டான். அதற்குக் காரணம் அவன் மனைவி. டாக்டரிடம் செக்கப்புக்குப் போகும்போது தெருவே திரும்பிப் பார்க்கிறது என்றாளாம்.

லோன் போடவில்லை. டிசம்பரில் ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு அதே வண்டியில்தான் பிரசவத்துக்குப் போனார்கள். எந்த விளக்கும் எரியவில்லை. போன் வந்ததும் நானும் கிளம்பினேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமியார் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், பெண் குழந்தை என்றார். அப்புறம், “நடுவுல அவன் சாவியைத் தொடலை, பார்த்துக்கிட்டே வந்தேன்” என்றார்.

டப்பா இன்னும் விற்கவில்லை. மச்சினன் பாதி விலைக்கு விளம்பரம் கொடுத்திருந்தான். திருச்சியிலிருந்து ஒருவர் கூப்பிட்டு எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில், “ஏன் சார் கழட்டுனீங்க?” என்று கேட்டாராம். இவன் நடந்தது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறான். அரை மணி நேரம். அவர் நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.